சிலோன் பாரெண்டின் பிள்ளை

தடால்!

வெஸ்ஸல் கையிலிருந்த காபி பாதி சட்டையிலும் பாதி வாசற்படியிலும் கொட்டியது. பட்டியில் நின்ற ஆடுகள் மொத்தமாக ஒரே மூலைக்குப் பாய்ந்தன. தண்ணீர் இறைக்கும் காற்றாடியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் கத்திக்கொண்டு பறந்தன.

"லாரி!" சமையலறை ஜன்னலிலிருந்து அலறினாள் மனைவி எல்ஸபே. "கல்லறைப் பக்கம், வெஸ்ஸல்! ஓடு!"

ஐம்பத்தாறு வயது, அதற்கேற்ற தொப்பை. ஆனாலும் வெஸ்ஸல் ஹாட்டிங் ஓடினான். கல் மட்டும் உடைந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓடினான்.

புழுதி அடங்கியதும் தெரிந்தது. புளூம்ஃபொன்டைனிலிருந்து கிரானைட் கல் ஏற்றி வந்த லாரி, வாசலை விட்டுவிட்டு, பின்பக்கமாகவே போய், கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவரைப் பிளந்துகொண்டு நின்றது. டிரைவர் நீல்ஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

"கல்லுக்கு ஒரு கீறல்கூட இல்லீங்க மாமா."

"சுவருக்கு?"

"சுவரு பழசுதானுங்களே."

"பழசுதான்யா. அது பாட்டுக்கு ஒரே இடத்துல நின்னுட்டு இருந்துச்சு. உன் கண்ணாடியில அது தெரியலையா?"

"கண்ணாடியில ஒரே புழுதிங்க மாமா."

வெஸ்ஸலுக்கு அழுவதா, அடிப்பதா என்று புரியவில்லை. இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை ஹாட்டிங் குலமே இங்கே கூடுகிறது. இங்கிலீஷ்காரனோடு போயர்கள் நடத்திய பெரிய சண்டை தொடங்கி நூறு வருஷம் நிறைகிற அக்டோபர் இது. பிரிட்டோரியாவிலிருந்தும் கேப் டவுனிலிருந்தும் கார் கார்களாக வரப்போகிறார்கள். பாதிரியார் ஜெபம் சொல்வார். முன்னோர் பெயர்கள் பொறித்த கல்லைத் திறந்துவைத்து, அதை உரக்க வாசிக்கும் பெருமை வெஸ்ஸலுக்கு. வம்ச வரலாற்றை இரண்டு வருஷம் அலைந்து சேர்த்தவன் அவன்தான்.

இப்போது சுவரில் யானை புகுந்த மாதிரி ஓட்டை.

சரிந்த கற்களில் பாதி உள்பக்கம் ஹெஸ்டர் பாட்டியின் கல்லறை மேல் கிடந்தன. ஹெஸ்டர் அவனுக்குக் கொள்ளுப்பாட்டி. மற்ற மனைவிகளெல்லாம் புருஷன் பக்கத்தில் படுத்திருக்க, அவள் மட்டும் தனியாக, சுவரை ஒட்டிப் படுத்திருப்பாள். மிளகு மரத்து நிழல் அவளுக்குப் பிடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். மீதிக் கற்கள் வெளிப்பக்கம், இன்னொரு கல்லறை மேல் விழுந்திருந்தன.

அந்தக் கல்லறைக்குப் பெயர் கிடையாது. சுவருக்கு வெளியே, முள்செடிக்கு நடுவில், வெறும் கற்குவியல். வீட்டில் அதற்கு 'வெளிக்காரன்' என்று பெயர். சண்டையில் இங்கிலீஷ்காரனிடம் கையைத் தூக்கிவிட்டு, பிறகு அவனுக்கே வழிகாட்டப் போன எவனோ ஒருத்தன். கைதூக்கி. கூலிக்குக் குடியிருந்தவன் என்பார் ஒருவர். டச்சு வாத்தியார் என்பார் இன்னொருவர்.

"நான் இல்லண்ணே," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "இந்தத் தடவை சத்தியமா நான் உடைக்கல."

தம்பி லோரென்ஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். ஆறே காலடி உயரம். இப்போது உடம்பில் எலும்பும் கோட்டும்தான் மிச்சம். இருபத்து மூன்று வருஷம் ஹாலந்தில் சைக்கிள் கடை வைத்திருந்துவிட்டுப் போன மாதம் திரும்பி வந்திருக்கிறான். நுரையீரலில் கட்டி. ஆடுகள் அடுத்த முறை குட்டி போடுவதைப் பார்க்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வந்த மறுநாளே அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, அம்மா பக்கத்துல எனக்கு ஒரு இடம் கொடு."

வெஸ்ஸல் இன்னும் பதில் சொல்லவில்லை.  எழுபத்தாறில் அங்கோலா எல்லைச் சண்டைக்கு ராணுவம் கூப்பிட்டபோது லோரென்ஸ் ராத்திரியோடு ராத்திரியாக நாட்டை விட்டுப் போனான். அப்பாவுக்கு அவனும் ஒரு கைதூக்கிதான். அப்பா சாகும்போது வெஸ்ஸலின் கையைப் பிடித்து வேதப்புத்தகத்தின் மேல் வைத்து, "இந்தச் சுவருக்குள்ள கைதூக்கிக்கு இடம் கிடையாது. சொல்லு!" என்றார். வெஸ்ஸல் சொன்னான். சொன்ன வாக்கை எப்படி விழுங்குவது?

"ஒதுங்குடா," என்றான் தம்பியிடம். "புழுதி உனக்கு ஆகாது."

லாரியை வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, மண்ணை முழங்கால் ஆழத்துக்குக் கிளறிப் போட்டன. ஒருவழியாக விடுபட்டு, வாசல் பக்கம் வந்து, கல்லை மேடையில் இறக்கினான் நீல்ஸ். பிராயச்சித்தமாகத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தும் விட்டான்.

கறுப்புக் கல். தங்க எழுத்து. வெஸ்ஸலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

*பாரெண்ட், 1811 – 1874. மாட்டு வண்டிப் பயணம்; ரத்த ஆற்றுச் சண்டை, 1838.*
*அவர் மகன் லோரென்ஸ், 1838 – 1897.*
*அவர் மகன் பாரெண்ட், 1869 – 1934. சிலோனில் போர்க்கைதி, ஜூலை 1900 – ஜனவரி 1903.*
*அவர் மகன் வெஸ்ஸல், செப்டம்பர் 1902 – 1971.*
*அவர் மகன் பாரெண்ட், 1924 – 1991.*

எல்ஸபே காபியும் ரஸ்க்கும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். நீல்ஸுக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். சுவரை இடித்தவனானாலும் வந்தவன் வந்தவன்தான். லோரென்ஸ் கல்லின் முன் குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி படித்தான். திரும்ப மேலிருந்து படித்தான்.

"அண்ணே. சிலோன் பாரெண்ட் எப்ப பிடிபட்டார்?"

"தொள்ளாயிரம் ஜூலையில. மலைக்குள்ள மாட்டிக்கிட்டு, தளபதி மொத்தப் படையையும் சரணடைய வெச்சப்போ. நம்ம வீட்டுக் கோழிகூடச் சொல்லும்."

"அப்ப அவரும் கையைத் தூக்கினவர்தான்."

"டேய்! அது தளபதி பண்ணின காரியம்."

"சரி சரி. எப்ப திரும்பினார்?"

"மூணாம் வருஷம் ஜனவரியில. ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேன்னு கடைசிவரைக்கும் அங்கேயே கிடந்தார். அவர் தியத்தலாவை முகாம்ல செதுக்கின பெட்டிதான் ஹால்ல இருக்கு. உனக்குத் தெரியாதா என்ன?"

"பெட்டி தெரியும்ணே. தாத்தா எப்ப பிறந்தார்?"

"ரெண்டாம் வருஷம் செப்..."

வெஸ்ஸல் வாயை மூடினான். கல்லைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். மறுபடி கல்லைப் பார்த்தான்.

"சிலோன்லேருந்து கடுதாசி போட்டா பிள்ளை பிறக்கும்னு," என்றான் லோரென்ஸ் மெதுவாக, "ஹாலந்துல எனக்கு யாருமே சொல்லலண்ணே."

நீல்ஸுக்குப் புரையேறியது. காபி மூக்கு வழியாக வந்தது.

"எழுத்துக்காரன் தப்புப் பண்ணிட்டான்!" வெஸ்ஸல் கல்லறைகளுக்கு நடுவே ஓடினான். சிலோன் பாரெண்டின் பழைய கல்லின் மேல் குனிந்தான். ஜூலை 1900, ஜனவரி 1903. தாத்தாவின் கல்லுக்கு ஓடினான். செப்டம்பர் 1902. ஒரு தப்பும் இல்லை. தாத்தா இருந்தவரை அவர் பிறந்தநாளுக்கு ஆடு வெட்டியிருக்கிறார்கள். சிலோன் பாரெண்ட் திரும்பிவந்த நாளுக்கு இன்றும் வருஷா வருஷம் ஆடு வெட்டுகிறார்கள். எத்தனை ஆடு வெட்டியும் இரண்டு விருந்துக்கும் நடுவே கணக்குப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே கல்லில் அடுத்தடுத்த வரியில் எழுதவைத்த புண்ணியம் வெஸ்ஸலுடையது. சனிக்கிழமை அதை அவனே உரக்க வாசிக்கவும் வேண்டும்.

"ஹெஸ்டர் பாட்டி அப்ப எங்க இருந்தா?" என்று கேட்டாள் எல்ஸபே.

"முகாம்ல. இங்கிலீஷ்காரன் பொம்பளைங்களை அடைச்சு வெச்ச முகாம்ல. கம்பி வேலிக்குள்ள."

கேட்டதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பி வேலிக்குக் காவல் நின்றவன் யார்? இங்கிலீஷ் சிப்பாய்.  ஒரு நூற்றாண்டாக எவனைத் திட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்களோ, அவன் ரத்தமா ஓடுகிறது இந்த உடம்பில்?

"நான் கிளம்பறேன் மாமா," என்றான் நீல்ஸ்.

"வெளியில யார்கிட்டயாவது சொன்னே..."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா. எனக்குக் கூட்டல்கூட வராது."

லாரி போனதும் வெஸ்ஸல் நேராக டெலிபோனுக்குப் போனான். அப்பாவின் தங்கை அலெட்டா அத்தை, எழுபத்து மூன்று வயது, அறுபது மைல் தள்ளி ஊரில் இருக்கிறாள். பழைய கதையெல்லாம் தெரிந்தவள். ஆனால் ஒரு கதையை ஒரே மாதிரி இரண்டு தடவை சொன்னதில்லை.

"அத்தை, தாத்தா வெஸ்ஸலோட அப்பா யாரு?"

"காலங்காத்தால குடிச்சிருக்கியாடா?"

"இல்ல அத்தை. சரி, வெளிக்காரன் யாரு? அதையாவது சொல்லுங்க."

"இங்கிலீஷ்காரன்."

"போன வருஷம் வாத்தியார்னு சொன்னீங்களே!"

"வாத்தியாரும்தான்."

"அத்தை!"

"நாளைக்கு வரேன். பால் பணியாரம் செஞ்சு எடுத்துட்டு வரேன். போன்ல பேசினா ஊரே கேக்கும்." டொக்கென்று வைத்துவிட்டாள்.

சமையலறை மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் வெஸ்ஸல். லோரென்ஸ் எதிரே உட்கார்ந்து ரஸ்க்கைக் காபியில் நனைத்து, நனைத்ததைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எல்ஸபே அலமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

"காபி போதும்டி."

"காபி இல்ல. இது நீலக் கோப்பை, வண்டி பாரெண்ட். இங்கிலீஷ் சட்டம் வேண்டாம்னு மாட்டு வண்டி கட்டி ஆத்தைத் தாண்டி வந்தவர். ரத்த ஆத்துல வண்டிகளை வட்டமா நிறுத்தி ஜூலுக்காரங்களைச் சுட்டவர். இது உதடு உடைஞ்ச கோப்பை, அவர் மகன் லோரென்ஸ். அந்த வருஷமே வண்டிக்குள்ள பிறந்தவர்."

"ஏன் லோரென்ஸுன்னா எப்பவும் உடைஞ்ச கோப்பை?" என்றான் தம்பி.

"அவர் பாசுட்டோக்காரங்களோட சண்டைக்குப் போய் மாடு பிடிச்சார்; அவங்க திரும்பி வந்து அதைவிட அதிகமா ஓட்டிட்டுப் போனாங்க. வைரம் தோண்டப் போய் ஒரு பை கூழாங்கல் கொண்டுவந்தார். மாட்டுக்கெல்லாம் கொள்ளை நோய் வந்த வருஷம், கடைசி மாடு விழுந்த வாரமே அவரும் போய்ச் சேர்ந்தார். உடைஞ்ச கோப்பைதான் சரி." எல்ஸபே அடுத்ததை வைத்தாள். "இது சிவப்பு, சிலோன் பாரெண்ட். இந்தச் சின்ன டம்ளர், தாத்தா வெஸ்ஸல். இப்ப சொல்லு, மூத்த பையனுக்கு என்ன பேர் வைக்கணும்?"

இதைக் கேட்கவே வேண்டியதில்லை. ஹாட்டிங் வீட்டில் என்றில்லை, இந்தச் சமூகத்திலேயே பிள்ளைக்குப் பெயர் யோசித்துத் தூக்கம் கெட்டவர் கிடையாது. மூத்தவனுக்கு அப்பாவின் அப்பா பெயர். இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மீறினால் தாத்தாமார் ஞானஸ்நானத்துக்கே வர மாட்டார்கள்.

"அப்பாவோட அப்பா பேரு," என்றான் வெஸ்ஸல்.

"சிவப்புக் கோப்பையோட அப்பா லோரென்ஸ். அப்ப இந்த டம்ளர் பேரு லோரென்ஸ்னு இருக்கணும். ஏன் வெஸ்ஸல்?"

"அம்மா வழியில..."

"ஹெஸ்டரோட அப்பா யாக்கோபஸ். அவ கல்லுலயே போட்டிருக்கு."

வெஸ்ஸல் தன் பெயரையே முதல்தடவை கேட்பவன் போல விழித்தான். ஐம்பத்தாறு வருஷமாகச் சுமக்கிற பெயர். தாத்தாவின் பெயர் தனக்கு என்று தெரியும். தாத்தாவுக்கு அது எங்கிருந்து வந்தது?

லோரென்ஸ் ரஸ்க்கைக் கீழே வைத்தான். "உடைஞ்ச கோப்பையோட பொண்டாட்டி யாரு அண்ணி?"

"அலெட்டா. நம்ம அத்தைக்கு வெச்சது அவ பேருதான். வெஸ்ஸல் ஃபென்டர் மகள்."

"அப்ப அவளுக்குப் பிறந்த ரெண்டாவது பையன் பேரு வெஸ்ஸல்னு இருக்கணும். சிலோன் பாரெண்டுக்கு ஒரு தம்பி இருந்திருக்கணும். அந்தத் தம்பி எங்க? உள்ள அப்படி ஒரு கல்லறையே இல்லையே."

எல்ஸபே முட்டை வைக்கும் கிண்ணம் ஒன்றை எடுத்து, சிவப்புக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சின்ன டம்ளரை நகர்த்தி அந்தக் கிண்ணத்துக்குக் கீழே வைத்தாள்.

"எங்க சித்தப்பா ஒருத்தர் அப்படித்தான்," என்றாள். "அவர் வயித்துல இருக்கும்போதே அப்பா குதிரையிலேருந்து விழுந்து செத்துட்டார். அப்பன் செத்தப்புறம் பிறந்தா எந்தத் தாத்தா பேரும் கிடையாது. செத்த அப்பன் பேருதான்."

பாட்டியின் மானம் தப்பியது. வெஸ்ஸல் பெருமூச்சு விட்டான். இங்கிலீஷ் சிப்பாய் இல்லை. ஹெஸ்டர் தம்பியின் மனைவி. அவன் செத்து, பிள்ளையும் பிறந்து, பிறகு சிறையிலிருந்து வந்த அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஊரில் எத்தனையோ வீட்டில் நடந்ததுதான். நிம்மதியாக ஒரு வாய் காபி குடித்தான்.

இரண்டாவது வாய் இறங்கவில்லை.

சண்டைக் காலத்தில் செத்த தம்பி. அவனுக்குச் சுவருக்குள் கல்லறை இல்லை. சுவருக்கு வெளியே, பெயரில்லாத ஒரு குவியல். அதை ஒட்டி, நடுவில் சுவர் மட்டும் தடுக்க, தனியாகப் படுத்திருக்கும் ஹெஸ்டர்.

"மிளகு மர நிழலா?" என்றாள் எல்ஸபே, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே. "அந்த மரத்தை நட்டது உங்க அம்மா, வெஸ்ஸல். ஹெஸ்டர் செத்தப்ப அங்க மரமே இல்ல."

கைதூக்கி. நம் கொள்ளுத்தாத்தாவே கைதூக்கி. வெஸ்ஸல் தம்பி முகத்தைப் பார்த்தான்; இப்போதாவது ஒரு கேலி வரும், கோபப்படலாம் என்று எதிர்பார்த்தான். லோரென்ஸ் இருமிக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

"சிலோன் பாரெண்ட் பண்ணினது சரிதான்," என்றான் வெஸ்ஸல் திடீரென்று, யாரோ மறுத்துப் பேசியது போல. "கூடப் பிறந்தவன்தான். இருந்தாலும் வெளிய போட்டார். ரெண்டரை வருஷம் கம்பிக்குள்ள கிடந்தவருக்கு அந்த உரிமை உண்டு. அப்பா சொன்னதும் அதேதான்."

"நான் ஒண்ணுமே கேக்கலையேண்ணே," என்றான் லோரென்ஸ்.

வெள்ளிக்கிழமை காலை சுவர் கட்ட இறங்கினான் வெஸ்ஸல். சுண்ணாம்பு இல்லாத கல் சுவர். கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்க வேண்டும். உதவிக்குப் பண்ணையாள் மொலெஃபி வந்தான். இருவரும் சரிந்ததை அகற்றி அடிமட்டம் வரை போனார்கள். அங்கே கடப்பாறை 'சரக்'கென்று மண்ணில் இறங்கியது. அஸ்திவாரம் இல்லை. வெறும் தரை மேல் அடுக்கிய சுவர்.

வெஸ்ஸல் வடக்குப் பக்கம் போய்த் தோண்டிப் பார்த்தான். கன்றுக்குட்டி அளவுக் கற்கள், வரிசையாக. தெற்கிலும் அப்படியே. மூன்று பக்கம் அஸ்திவாரம், ஒரு பக்கம் இல்லை. எந்த மடையன் கட்டினான்?

"முதலாளி, இங்க வாங்க," என்று கூப்பிட்டான் மொலெஃபி.

நேற்று லாரிச் சக்கரம் கிளறிய பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தான். வெளிக்காரன் கல்லறைக்கும் அப்பால், புல்லுக்கு அடியில், அதே கன்றுக்குட்டிக் கற்கள். ஒரு வரிசை. வடக்குச் சுவரின் அஸ்திவாரமும் தெற்குச் சுவரின் அஸ்திவாரமும் புல்லுக்கடியில் நீண்டுபோய் அதில்தான் முட்டின.

வெஸ்ஸல் இந்த வரிசையைப் பார்த்தான், அந்த வரிசையைப் பார்த்தான். நடுவே வெளிக்காரன் கிடந்தான். அப்படியென்றால் அவன் ஒரு காலத்தில் உள்ளே இருந்திருக்கிறான். பிணத்தை யாரும் தூக்கி வெளியே போடவில்லை. சுவரைத் தூக்கி அவனுக்கு இந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே புதைப்பானேன், பிறகு வெளியே தள்ளுவானேன்? ஒரே மனுஷன் இரண்டையும் செய்வானா? 

"எந்த வரிசையில கட்டறது முதலாளி?"

மேட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த லோரென்ஸும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.  வாய்விட்டு ஏதாவது பேசியிருந்தால்கூடத் தேவலை.

"இருந்த இடத்துலயே," என்றான் வெஸ்ஸல். "அப்பா பார்த்த சுவரு எங்க இருந்துச்சோ அங்கேயே."

கயிறு கட்டினார்கள். முழங்கால் உயரம் அடுக்கியபோது ஹாரன் சத்தம் கேட்டது. அலெட்டா அத்தையின் பழைய கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, நல்லவேளையாகச் சுவருக்கு முன்பே நின்றது. இறங்கியவள் பணியாரத் தட்டை எல்ஸபே கையில் திணித்துவிட்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். உடைந்த இடத்தில் நின்றாள். புல்லுக்கடியில் தெரிந்த பழைய வரிசையைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த வம்பெல்லாம் வடிந்துபோனது.

"லாரியா இடிச்சுது?"

"ஆமா அத்தை."

"பரவாயில்ல. மனுஷனுக்கு வராத புத்தி லாரிக்கு வந்திருக்கு." கைத்தடியால் புதிதாக அடுக்கிய கல்லைத் தட்டினாள். "ஏன்டா மறுபடியும் இங்கேயே கட்டறே?"

"சிலோன் பாரெண்ட் வெச்ச இடம் அத்தை. எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. வெளிக்காரன் அவர் தம்பி. தாத்தாவோட உண்மையான அப்பா."

"கோப்பை வெச்சே கண்டுபிடிச்சுட்டோம் அத்தை," என்றாள் எல்ஸபே.

"சமர்த்துதான். ஆனா பாரெண்ட் வெச்ச இடம்னு உனக்கு எந்தக் கழுதைடா சொன்னுச்சு?"

வெஸ்ஸல் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான்.

"அவர் சிலோன்லேருந்து வந்தப்ப தம்பி எங்கேயோ மலையடிவாரத்துல கிடந்தான். நம்ம ஆளுங்களே சுட்டு, அங்கேயே மண்ணைத் தள்ளிட்டுப் போயிருந்தாங்க. பாரெண்ட் வண்டி கட்டிட்டுப் போய், தோண்டி எடுத்துட்டு வந்து, இதோ இங்க, அவங்க அம்மா பக்கத்துல புதைச்சார். ஊர்ல பாதிப் பேர் அவரோட பேச்சை நிறுத்திட்டாங்க. அவர் போனா போகட்டும்னுட்டார். அவர் இருந்த வரைக்கும் இந்தச் சுவரை ஒருத்தன் தொடல."

"அப்ப யாரு...?"

"முப்பத்தெட்டுல, பயணத்துக்கு நூறு வருஷம்னு நாடு பூரா மாட்டு வண்டி ஊர்வலம் வந்துச்சே. நம்ம பண்ணையில ஒரு ராத்திரி தங்கப்போறாங்கன்னு சேதி. ஆம்பளைங்க தாடி வளர்த்தாங்க. பொம்பளைங்க தொப்பி தைச்சோம். வர்றவங்க கல்லறையைப் பார்த்துட்டு, இது யாருன்னு கேட்டா?" அத்தை ஹெஸ்டரின் கல்லைப் பார்த்தாள். "நான் பன்னெண்டு வயசு. ஏப்ரன் துணியில கல்லு சுமந்தேன். உங்க அப்பனும் சுமந்தான். ஹெஸ்டர் பாட்டி ஜன்னலுக்குத் திரையைப் போட்டுட்டு உள்ளயே உட்கார்ந்திருந்தா. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவ மகனோட ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிடல. என்னைச் சுவரை ஒட்டிப் போடுங்கன்னு மட்டும் கேட்டா."

"மகன்னா..." என்றான் வெஸ்ஸல். "தாத்தாவா?"

"என்னைப் பெத்த அப்பன்தான். உன் தாத்தா. அண்ணன்காரன் உள்ள கொண்டுவந்து வெச்சவனை, அவன் பெத்த பிள்ளையே வெளிய தள்ளினான்."

காற்றாடி கிறீச்சிட்டது. எல்ஸபே பணியாரத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். வெஸ்ஸல் வேதப்புத்தகத்தின் மேல் வைத்த தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கல்லே சுமந்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் சத்தியம் வாங்கினாரா, இல்லை, பதினாலு வயதில் சுமந்த கல்லை இறக்கிவைக்கவே தெரியாமல் போனாரா? அவனுக்குப் புரியவில்லை. இனிமேல் புரியப்போவதும் இல்லை. யாரைக் கேட்பது?

சுவருக்குள் கைதூக்கிக்கு இடமில்லை என்று சொன்னான். சொன்னது சொன்னதுதான். ஆனால் சுவர் எங்கே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லையே?

குனிந்து, முளையில் கட்டிய கயிற்றை அவிழ்த்தான். முழங்கால் உயரச் சுவரைத் தாண்டி, வெளிக்காரனையும் தாண்டி நடந்து, பழைய கற்களின் வடக்கு மூலையில் முளையை அடித்தான். கயிற்றின் மறுமுனையை, மேட்டிலிருந்து இறங்கி வந்த லோரென்ஸ் கையில் கொடுத்தான். லோரென்ஸ் தடியை ஊன்றி மெல்ல நடந்து, தெற்கு மூலைக்குப் போய், பழைய வரிசைக்கு நேராகக் கயிற்றை இழுத்துப் பிடித்தான்.

வெஸ்ஸல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் வழியே பார்த்தான். தங்கள் அம்மாவின் கல்லறையைப் பார்த்தான். அதற்கும் கயிற்றுக்கும் நடுவில் கிடந்த தரையைக் கண்ணாலேயே அளந்தான்.

"இன்னும் ரெண்டடி தள்ளிப் பிடிடா. நீ நெட்டையன், கால் இடிக்கும்."